கொடிமலை ரயிலில் ஏறுகிறவர்கள் பார்க்க வேண்டியது

பினாங்குக்கு வருகிறவர்களில் கொடிமலை, அதாவது பினாங்கு ஹில், ஏறாமல் ஊர் திரும்புகிறவர்கள் குறைவு. ஆனால் ஏறிவிட்டு வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்: உச்சியில் வீசிய குளிர்காற்றையும், அங்கிருந்து தெரிந்த பாலத்தையும், எடுத்த படங்களையும் பற்றி நிறையச் சொல்வார்கள், தங்களை மேலே கொண்டுபோய்ச் சேர்த்த ரயிலைப் பற்றிக் கேட்டால், நீண்ட வரிசை, நெரிசல், ஏறியதும் தெரியவில்லை இறங்கியதும் தெரியவில்லை என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குப் போகும்போதெல்லாம் கொடிமலைக்கென்று ஒரு காலைப் பொழுதை ஒதுக்கிவைக்கும் எனக்கு இது மனத்தை உறுத்துகிற விஷயம். என்னைப் பொறுத்தவரை கொடிமலையில் பார்க்க வேண்டியவற்றுள் முதன்மையானது அந்த ரயில்தான். உச்சி அதற்குப் பிறகுதான். சுமார் 2 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையை வெறும் வழியாக நினைத்துக் கடந்துவிடுகிறவர், நூறாண்டைக் கடந்த ஒரு பொறியியல் சாதனையையும், அதற்கு முன்னால் அதே சரிவில் மனிதர்கள் தோளில் தாங்கிய சுமையையும் சேர்த்தே தவறவிடுகிறார்.

ஜார்ஜ் டவுனிலிருந்து புறப்படும் 204 எண் பேருந்து, ஆயர் ஈத்தாம் சந்தையைத் தாண்டி, கெக் லோக் சி ஆலயத்தின் கோபுரத்தைத் தூரத்தில் காட்டிவிட்டு, அடிவார நிலையத்தின் வாசலிலேயே இறக்கிவிடுகிறது. காலை ஆறரை மணிக்கே ரயில் ஓடத் தொடங்கிவிடும் என்பதால், வார நாளில் விடியற்காலை போய்விட்டால் வரிசையே இருக்காது. பள்ளி விடுமுறை நாளில் பத்து மணிக்குப் போனால் பொறுமைக்குச் சோதனைதான். மைகார்ட் என்ற மலேசிய அடையாள அட்டை வைத்திருப்பவர்களுக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவர்க்கு அதைவிடக் கூடுதலான கட்டணம், காத்திருக்க விரும்பாதவர்களுக்கு இன்னும் கூடுதல் பணத்தில் விரைவு வரிசை என்று ஏற்பாடுகள் இருக்கின்றன. அதிகாலையில் போகிறவர்க்கு விரைவு வரிசை தேவைப்படாது. அந்தப் பணத்தை மேலே சூடான தேநீருக்கும் பலகாரத்துக்கும் செலவழிக்கலாம்.

இனி ரயிலுக்கு வருவோம். இந்தப் பெட்டிகளில் இன்ஜின் கிடையாது. பெட்டிகள் மொத்தம் இரண்டே. இரண்டும் ஒரே எஃகுக் கயிற்றின் இரு முனைகளில் பிணைக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் கயிறு மலையுச்சி நிலையத்திலுள்ள பெரிய சக்கரத்தைச் சுற்றி வருகிறது. சக்கரத்தை மின்மோட்டார் திருப்புகிறது. ஒரு கயிற்றில் இரண்டு வாளிகளைக் கட்டி நீர் இறைத்த ராட்டினக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை: ஒரு வாளி இறங்க இறங்க மற்றது ஏறும், இறங்கும் வாளியின் எடையே ஏறும் வாளிக்குப் பாதி வேலையைச் செய்து கொடுத்துவிடும். ஆகவே மோட்டார் ஒரு பெட்டியின் முழு எடையையும் தூக்க வேண்டியதில்லை. இரண்டு பெட்டிகளிலும் உள்ள பயணிகளின் எடை வித்தியாசத்தையும், கயிற்றின் எடையையும், உராய்வையும் சமாளித்தால் போதும். மாலையில் எல்லாரும் இறங்குகிற நேரத்தில், நிறைந்த பெட்டி கீழே வரும்போது காலிப் பெட்டி மேலே போகும். அப்போது மோட்டாருக்கு இழுக்கும் வேலையைவிட, ஓட்டத்தை அடக்கிப் பிடிக்கும் வேலையே பெரிதாகிவிடும். கயிற்றுக்கு ஏதாவது நேர்ந்தால் என்ன ஆகும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி: இத்தகைய ரயில்களின் பெட்டிக்கு அடியில், தண்டவாளத்தையே இரு பக்கமும் கவ்விப் பிடித்து நிறுத்தும் பிரேக்குகள் இருக்கும், அவை கயிற்றை நம்பி இருப்பவை அல்ல.

நகரத்துக் கேபிள் கார் என்றதும் பலருக்கும் சான் பிரான்சிஸ்கோதான் நினைவுக்கு வரும். 1873-இல் ஆண்ட்ரூ ஹாலிடி அந்த நகரின் கிளே தெருவில் ஓட்டிக் காட்டிய வண்டி வேறு வகை. அங்கே தெருவுக்கு அடியிலுள்ள பள்ளத்தில் கயிறு மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் வேகத்தில் ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கும். வண்டிக்காரர் ஒரு நெம்புகோலை இழுத்துக் கயிற்றைப் பற்றினால் வண்டி நகரும், பிடியை விட்டுப் பிரேக்கைப் போட்டால் வண்டி நிற்கும், கயிறோ தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஒரு வண்டி நின்றால் மற்ற வண்டிகளுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. கொடிமலையில் அப்படி இல்லை. ஹாங்காங்கில் 1888 முதல் ஓடும் பீக் டிராமைப் போலவே, இங்கும் பெட்டி கயிற்றோடு நிரந்தரமாகக் கட்டுண்டது. ஆகையால் கீழே ஒரு குழந்தை ஏறத் தாமதமாகிறது என்று அடிவாரப் பெட்டி இரண்டு நிமிடம் நின்றால், மேலே கதவடைத்துப் புறப்படத் தயாராக நிற்கும் பெட்டியும் அந்த இரண்டு நிமிடத்தையும் சேர்ந்தே காத்திருக்கும். ஒருவரையொருவர் பார்த்தே இராத இரண்டு கூட்டத்தார், ஒரே கணத்தில் புறப்பட்டு, ஒரே கணத்தில் போய்ச் சேர்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டு ஏறினால் பயணமே வேறாகிவிடுகிறது.

எங்கே நிற்பது என்பது முக்கியம். பெட்டியின் தளம் சரிவுக்கு ஏற்றபடி படிப்படியாக அமைந்திருக்கிறது. ஏறும்போது எல்லாரும் மேல்முனைக்கு முண்டியடிப்பார்கள், ஏனென்றால் எதிரே மலை தெரியும். நான் கீழ்முனைக் கண்ணாடிக்குப் போய்விடுவேன். பெட்டி நகர்ந்த சில நொடிகளில் அடிவார நிலையம் காலடியில் சுருங்கி, ஆயர் ஈத்தாமின் அடுக்குமாடிகள் மரங்களுக்கு மேல் ஒவ்வொன்றாக எழும்பி, அவற்றுக்கும் அப்பால் கடல் ஒரு வெள்ளிக்கோடாக விரிவது அங்கிருந்துதான் தெரியும். பாதி வழியைக் கடந்த பிறகு, அதே கயிற்றின் மறுபாதி நம் பக்கத்தில் கீழே இறங்கிப் போவதைக் கவனியுங்கள். தண்டவாளங்களுக்கு நடுவே வரிசையாகப் பதித்த சிறு உருளைகளின் மேல் அது ஓடுகிறது. மசகு பூசிய அந்தக் கயிறு, வளைவு வருமிடத்தில் சாய்த்து வைத்த உருளையை உரசித் திரும்பும்போது, உருளை கடகடவென்று சுழன்று, கயிறு கொஞ்சம் துள்ளிவிட்டு மறுபடி தன் இடத்தில் படிந்துகொள்ளும். நாம் ஏறுகிறோம் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேறில்லை: நம் பக்கத்தில் இறங்கும் அந்தக் கயிற்றின் முனையில் இன்னொரு பெட்டி நிறைய ஆட்கள் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

பாதையின் நடுவில் ஒற்றைப் பாதை இரண்டாகப் பிரிந்து மறுபடி ஒன்றாகிற இடம் வரும். இரண்டு பெட்டிகளும் சந்தித்து விலகுவது இங்கேதான். கயிற்றின் நீளம் மாறாதது என்பதால் எந்த நாளும் எந்த வேளையும் சந்திப்பு இதே இடத்தில்தான் நடக்கும். சாதாரண ரயில் பாதையில் பிரியுமிடத்தில் நகரும் தண்டவாள முனைகள் இருக்கும், ஓர் ஆள் அல்லது ஒரு கருவி அவற்றைத் திருப்ப வேண்டும். கயிற்று ரயில்களுக்காகக் கார்ல் ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் உருவாக்கிய முறையில் நகரும் உறுப்பே இல்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் வெளிப்பக்கச் சக்கரங்களின் இரு ஓரங்களிலும் விளிம்பு வைத்து அவை தண்டவாளத்தை இறுகப் பற்றிக்கொள்ளும்படியும், உட்பக்கச் சக்கரங்களை விளிம்பே இல்லாமல் அகலமான உருளைகளாகவும் அமைத்துவிட்டால், ஒரு பெட்டி எப்போதும் இடப்பக்கமும் மற்றது எப்போதும் வலப்பக்கமும் தானாகவே போய்விடும். இது தெரிந்த நாளிலிருந்து, எதிர்ப்பெட்டி நம்மை நோக்கி நேராக வருவதைப் பார்த்துப் பக்கத்திலுள்ள பிள்ளைகள் கத்தும்போதெல்லாம், அந்த எளிய சக்கரத்தை நினைத்து மகிழ்கிறேன்.

அதைக் கடந்த பிறகு சரிவு மேலும் செங்குத்தாகும். 79 மீட்டர் நீளமுள்ள ஒரு சுரங்கப்பாதை வரும். இருட்டு கவிந்து விலகுகிற அந்தச் சில நொடிகளில் காது அடைத்துக்கொள்ளும். சுரங்கத்துக்கு மேலே மரங்களின் தோற்றம் மாறிவிட்டிருப்பதைப் பார்க்கலாம்: இலைகள் சிறுத்து, கிளைகளில் பாசி தொங்கி, ஓடையோரத்தில் மரப்பெரணிகள் குடை விரித்து நிற்கும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கருங்குரங்குகள் சில வேளை பாதையோரக் கிளைகளில் தென்படும். இந்தக் காட்டைத்தான் யுனெஸ்கோ 2021-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது.

இந்தச் சரிவில் கயிறு வருவதற்கு முன் என்ன இருந்தது என்பதைச் சொல்லாமல் இந்த ரயிலைப் பற்றிப் பேசி முடிக்க முடியாது. பினாங்கைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிடித்த பிரான்சிஸ் லைட் 1788-இல் மலைமேல் ஸ்ட்ராபெரி பயிரிடும் எண்ணத்தில் குதிரை போகும் பாதை ஒன்றை வெட்டச் செய்தார். அதன் பிறகு நோயில் தேறுவதற்கும், நகரத்து வெக்கையிலிருந்து தப்பிப்பதற்கும் வெள்ளைக்கார அதிகாரிகளும் வியாபாரிகளும் மேலே பங்களாக்களைக் கட்டிக்கொண்டார்கள். குதிரையேற முடிந்தவர்கள் குதிரையில் போனார்கள். முடியாதவர்களையும் பெண்களையும் குழந்தைகளையும் நாற்காலிப் பல்லக்குகளில், அதாவது டோலிகளில், ஆட்கள் தோளில் தூக்கிச் சென்றார்கள். பெட்டி படுக்கையும் அரிசியும் பாட்டிலும் அதே தோள்களில்தான் போயின. இன்று நாம் ஐந்து பத்து நிமிடத்தில் கடக்கும் அறுநூறு மீட்டருக்கும் மேலான உயரத்தை, மழையில் வழுக்கும் செம்மண்ணில், இன்னோர் ஆளின் எடையையும் தாங்கிக்கொண்டு ஏறியவர்களின் பெயர் எதுவும் எந்தப் பலகையிலும் இல்லை. மலையுச்சியில் அருளொளி திருமுருகன் ஆலயம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கு இருந்த இந்தியச் சிப்பாய்களும் டோலி தூக்கியவர்களும் வழிபட்ட சிறு சன்னிதியிலிருந்து அது வளர்ந்தது என்று சொல்லப்படுகிறது. குன்றுதோறாடும் குமரனுக்குக் கொடிமலையில் இடம் கிடைத்தது அவர்கள் ஏறி வந்ததால்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ரயிலை விட்டு இறங்கியதும் நான் முதலில் போகுமிடம் அதுதான்.

தோளை விடுவிக்க இயந்திரம் வேண்டும் என்ற யோசனை சீக்கிரமே வந்துவிட்டது. இயந்திரம்தான் சீக்கிரம் வரவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய முதல் மலைரயில், நீராவியால் இயங்குவதாக இருந்தது. தொழில்நுட்பக் கோளாறுகளால் அது பயன்பாட்டுக்கே வராமல் போயிற்று. அதன்பின் மலாய் கூட்டு மாநில ரயில்வேயின் பொறியாளர் ஆர்னல்டு ஜான்சன் சுவிட்சர்லாந்துக்குப் போய் அங்குள்ள மலைரயில்களைப் படித்துவந்து புதிய பாதையை வடிவமைத்தார். மின்சாரத்தில் இயங்கிய அந்தக் கயிற்று ரயில் 1923 அக்டோபரில் மக்களுக்காக ஓடத் தொடங்கியது. 1924 ஜனவரி 1 அன்று, பினாங்கும் மலாக்காவும் சிங்கப்பூரும் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநர் லாரன்ஸ் கில்லமார்டு அதை முறைப்படி திறந்துவைத்தார். செலவு 15 லட்சம் நீரிணை வெள்ளி, அதாவது அக்காலத்து டாலர்.

ஜான்சன் அமைத்த பாதை இரண்டு பிரிவாக இருந்தது. ஒவ்வொரு பிரிவுக்கும் தனிக் கயிறு, தனிச் சக்கரம், இரண்டு பெட்டிகள். பயணிகள் நடு நிலையத்தில் இறங்கி, எதிரே நிற்கும் மேல்பிரிவு ரயிலில் ஏற வேண்டும். இடையில் வயாடக்ட், டன்னல் என்றெல்லாம் பெயர் கொண்ட சிறு நிறுத்தங்கள் இருந்தன. பங்களாக் காவல்காரர்களும் தோட்டக்காரர்களும் அங்கங்கே இறங்கி ஏறினார்கள். உச்சிக்குப் போய்ச்சேர அரைமணி நேரம் ஆகும். 1977-இல் மரப்பெட்டிகளை மாற்றிப் புதுப் பெட்டிகளைப் போட்டார்கள் என்றாலும் முறை மாறவில்லை. 2010-இல் அதையும் நிறுத்திவிட்டு, நடுவில் மாறாமல் ஒரே ஓட்டத்தில் போகும்படி பாதையைத் திருத்தி, நூறு பேரை ஏற்றக்கூடிய குளிரூட்டிய பெட்டிகளோடு 2011-இல் மறுபடி தொடங்கினார்கள்.

அடிவார நடைமேடையில் ஒருமுறை பூக்கூடையோடு நின்றிருந்த ஓர் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். ஆயர் ஈத்தாமிலேயே பிறந்து வளர்ந்தவர், முருகன் கோயிலுக்குப் போகிறவர். "அப்ப எல்லாம் நடு ஸ்டேஷன்ல இறங்கி மாறணும் தம்பி. அங்க நிக்கிறப்பவே குளிரு தெரிய ஆரம்பிச்சிரும், பிள்ளைங்களுக்கு அங்கதான் ஸ்வெட்டர் மாட்டுவோம்" என்றார். "இப்ப வேகமாப் போகுதுல்லம்மா, வசதிதானே?" என்று கேட்டேன். "வசதிதான், இல்லன்னு சொல்லல. ஆனா கீழயே ஏர்கோன்ல குளிர்ந்துட்டு மேல போயி இறங்கினா, மலைக் குளிரு எது, ஏர்கோன் குளிரு எதுன்னே தெரியல" என்று சிரித்தார்.

அவர் சொன்னதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். புதிய ரயிலைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் முதியவர்களும் நடுவழியில் இறங்கி ஏறாமல் உச்சிக்குப் போக முடிவது பெரிய நன்மை. பழைய பெட்டிகளால் இன்றைய கூட்டத்தைச் சுமந்திருக்க முடியாது. ஆனால் மலை ஏறுவதற்கு உரிய நேரம் என்று ஒன்று உண்டு. வெப்பம் மெல்லக் குறைவதும், மரம் மாறுவதும், நகரத்து இரைச்சல் அடங்குவதும் உடம்புக்குத் தெரியும்படி நடக்க வேண்டும். சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அரைமணி நேரம் ஏறியவர்களுக்கு அது கேளாமலே கிடைத்தது. இன்றைய வருகையாளர் அதைத் தேடித்தான் பெற வேண்டும். கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு, மேலே நான் சொன்ன இடத்தில் நின்று, கயிற்றையும் சந்திப்பையும் சுரங்கத்தையும் கவனித்தால் அதில் பாதியாவது கைகூடும். உச்சியில் காட்சிக்கு வைத்திருக்கும் பழைய பெட்டியையும் படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அதன் பக்கத்தில் நின்று, எவ்வளவு சிறிய பெட்டியில் எவ்வளவு நிதானமாக மனிதர்கள் ஏறியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

உச்சியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதைப் பற்றி எழுதியவர்கள் பலர். வெப்பம் கீழே இருப்பதைவிட ஐந்து பாகை அளவு குறைவாக இருக்கும். கொம்தார் கோபுரம், 1985-இல் திறந்த முதல் பாலம், தெற்கே 2014-இல் திறந்த இரண்டாம் பாலம், நீரிணைக்கு அப்பால் பட்டர்வொர்த் எல்லாம் தெரியும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் வடகிழக்கே பார்த்தால், கெடா கரையில் தனியே எழுந்து நிற்கும் ஜெராய் மலை நீலமாகத் தெரியும். அதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு. 1025-இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை வென்ற கடாரம் அந்தப் பகுதியே என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். பாலத்தைப் பார்க்கும் கண்கள் சற்றே வடக்கே திரும்பினால் போதும். ஆனால் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிற நம்மவர்கள் மிகச் சிலரே.

இறங்கும்போது கட்டாயம் கீழ்முனைக் கண்ணாடிக்கு முன்னால் இடம் பிடியுங்கள். ஏறும்போது பின்னால் விலகிப்போன அதே சரிவு, இப்போது காலுக்கு நேராகக் கிணறுபோல் திறந்துகொள்ளும். சுரங்கத்தின் வாய் கீழே ஒரு சிறு வெளிச்ச வட்டமாகத் தெரியும். பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது, பயப்பட வேண்டாம். முன்வரிசை நிறைந்துவிட்டால் அடுத்த ரயிலுக்குக் காத்திருப்பதே மேல். வெகுநேரம் ஆகாது, இந்தப் பெட்டி அடிவாரம் சேரும் அதே நொடியில் அடுத்தது உச்சிக்கு வந்து நிற்கும்.

இப்போது தாவரவியல் பூங்காப் பக்கத்திலிருந்து உச்சிக்கு ஒரு கேபிள் காரும் கட்டி வருகிறார்கள். லங்காவியிலும் கெந்திங்கிலும் ஓடுவதைப் போலக் கம்பிவடத்தில் கூண்டுகள் தொங்கிப் போகும் வகை. ரயிலுக்குள்ள நெரிசல் குறையும் என்பது அதை ஆதரிப்பவர்களின் வாதம். காட்டுக்கும் சரிவுக்கும் என்ன ஆகும் என்பது எதிர்ப்பவர்களின் கவலை. 2017 நவம்பர் பெருமழையில் இந்த மலையில் மண் சரிந்ததைப் பார்த்த பினாங்குக்காரர்களின் கவலையை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு தூணுக்கும் எத்தனை மரம் போகிறது, சரிவை எப்படித் தாங்கிக் கட்டுகிறார்கள் என்று அவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பது நியாயம். கட்டி முடித்து அது ஓடத் தொடங்கினால், அந்தக் கூண்டிலும் நான் ஏறத்தான் செய்வேன்; ஆனால் மேலே போவதற்கு ரயிலையும், காட்டின் தலைகளுக்கு மேலாக மிதந்து இறங்குவதற்கு மட்டும் கேபிள் காரையும் வைத்துக்கொள்வேன். முதல் தடவையாகப் பினாங்குக்கு வருகிற உறவினர்களுக்கும் அதே வரிசையைத்தான் சொல்லி அனுப்புவேன், விடியற்காலை 204-ஐப் பிடிக்கச் சொல்லி.